குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பிள்ளையின் முதல் பிறந்தநாள், அப்பாவின் திதி, திருமண நாள், வேலை கிடைத்த மகிழ்ச்சி என்று ஏதாவது ஒன்று வந்தால், பக்கத்திலுள்ள குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு சொல்லிவிடுவது தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் பழக்கமாகிவிட்டது. போன் செய்து கேட்டால் காலை டிபனுக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். பணத்தை அனுப்பிவிட்டுக் குடும்பத்தோடு போய், கேக் வெட்டி, பிள்ளைகள் வரிசையாக நின்று வாழ்த்துப் பாடியதும் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். கொடுப்பவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. ஆனால் அந்த இல்லம் சட்டப்படி பதிவானதா, அந்தப் பிள்ளைகள் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள், நாம் கொடுத்துவிட்டு வந்த பணமும் நேரமும் அவர்களுக்கு என்ன செய்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு.

ஒரு தொண்டு நிறுவனத்தைச் சோதிப்பது என்றால் “பணத்தைச் சாப்பிட்டுவிடுவார்களா?” என்பதைத்தான் பொதுவாக முதலில் கேட்கிறோம். அது தேவையான கேள்விதான். குழந்தைகள் இல்லம் என்று வரும்போது அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இந்தப் பிள்ளை இங்கே இருக்கத்தான் வேண்டுமா? ஒரு பைசா கூடக் கையாடாத இல்லத்தில்கூடப் பிள்ளைகளுக்குக் கெடுதல் நடக்கலாம். எத்தனையோ வகைத் தொண்டு நிறுவனங்கள் இருக்க, குழந்தைகள் இல்லங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதக் காரணம், நம்மவர்கள் பணத்தோடு நேரத்தையும் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம் அது. தவறு நடந்தால் வெளியே வந்து சொல்ல முடியாதவர்கள் இருக்கும் இடமும் அதுவே.

மாமல்லபுரம் பகுதியில் ஆதரவற்ற குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகிறார்கள் என்று வெளிவந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையைச் சுட்டி, 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. ‘தமிழ்நாட்டின் அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து’ என்பதுதான் அந்த வழக்கின் பெயர். பத்து ஆண்டுகள் நடந்து, நாடு முழுவதையும் தழுவியதாக விரிந்த அந்த வழக்கில் 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்து முடிக்க வேண்டும் என்றது. சட்டம் அதற்கு முன்பே இருந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதே, அரசு மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குழந்தைகளைத் தங்கவைக்கும் ஒவ்வோர் இல்லமும் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 41-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. பதிவு செய்யாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் மத்திய அரசு அந்தக் காலத்தில் எடுத்த கணக்கில் நாட்டில் 9,589 இல்லங்கள் தென்பட்டன. அவற்றில் இந்தச் சட்டத்தின்கீழ் பதிவானவை மூன்றில் ஒரு பங்கு அளவே.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இந்தப் பதிவுச் சான்றிதழை. ‘அறக்கட்டளை பதிவு எண்’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பது இது இல்லை. அறக்கட்டளையை யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், அந்த எண்ணை வைத்துக்கொண்டு குழந்தைகளைத் தங்கவைக்க உரிமை வந்துவிடாது. இளைஞர் நீதிச் சட்டப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். எந்தத் தேதி வரை, எத்தனை குழந்தைகளுக்கு, ஆண்களா பெண்களா, எந்த வயது என்றெல்லாம் அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலர் “நாங்கள் இல்லம் இல்லை, விடுதி” என்பார்கள். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி உரிமம் உண்டு. விடுதி என்றால் அந்த உரிமத்தைக் காட்டட்டும். விடுதி உரிமத்தை வைத்துக்கொண்டு ‘ஆதரவற்ற குழந்தைகள்’ என்று நன்கொடை கேட்டால், இரண்டில் ஒன்று பொய்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தை ஒன்று கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிறுத்த வேண்டும். அந்தக் குழு விசாரித்து ஆணை போட்ட பிறகுதான் குழந்தை ஓர் இல்லத்தில் இருக்க முடியும். எனவே “இங்கிருக்கும் எல்லாப் பிள்ளைகளும் நலக் குழுவின் ஆணையோடு வந்தவர்களா?” என்று கேளுங்கள். பிள்ளைகளின் கோப்பைப் பார்க்கக் கேட்கக் கூடாது, அது அவர்களுடைய அந்தரங்கம். பதில் எப்படி வருகிறது என்பதே போதும். முறையாக நடத்துபவர் உடனே, சாதாரணமாகச் சொல்வார். “பாவம், ரோட்டில் கிடந்தது, நாங்களே எடுத்து வளர்க்கிறோம்” என்று பதில் வந்தால், அந்தக் கருணைக்குள்ளே ஒரு குற்றம் ஒளிந்திருக்கலாம்.

2021-இல் மதுரையில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஆதரவற்றோர் காப்பகம் ஒன்றில் இருந்த ஒரு கைக்குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டது என்று மருத்துவமனை, சுடுகாட்டு ஆவணங்களோடு நம்பவைத்தார்கள். சந்தேகப்பட்டு அந்த ஆவணங்களைச் சரிபார்க்கப் போனபோது அவை போலி என்று தெரிந்தது. குழந்தை வேறொரு தம்பதியிடம் விற்கப்பட்டிருந்தது. அதே காப்பகத்திலிருந்து போன இன்னொரு குழந்தையும் மீட்கப்பட்டது. யாரோ ஒருவர் ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அலுவலகத்துக்கே போய்க் கேட்டதால் வெளிவந்த விஷயம் அது.

பதிவு இருந்தால் போதுமா என்றால், போதாது. பீகாரின் முசாபர்பூரில் சிறுமிகளுக்கான இல்லம் ஒன்று அரசுப் பணத்தில், அரசு அதிகாரிகள் ஆய்வுக்கு வந்துபோக நடந்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழு அந்த மாநில இல்லங்களில் செய்த சமூகத் தணிக்கையின் அறிக்கை 2018-இல் வந்தபோதுதான் அங்கே சிறுமிகள் தொடர்ந்து பாலியல் வன்முறைக்கு ஆளானது வெளியே வந்தது. ஆய்வு அதிகாரிகள் பார்க்காததை அவர்கள் பார்க்கக் காரணம், பதிவேடுகளைப் புரட்டுவதோடு நிறுத்தாமல் சிறுமிகளிடம் உட்கார்ந்து பேசினார்கள். 2020-இல் டெல்லி நீதிமன்றம் இல்லத்தை நடத்தியவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் அந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியும், குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் தலைவரும் உண்டு. காவல் காக்க வேண்டியவர்களே சேர்ந்துகொண்ட வழக்கு இது. ஆகவே சான்றிதழ் இல்லாத இடத்தை ஒதுக்கச் சான்றிதழ் உதவும், இருக்கும் இடத்தை நம்ப வேறு சிலவும் வேண்டும்.

குழந்தைகள் மட்டும் அல்ல, மனநலம் குன்றியவர்கள், முதியவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அப்படிப்பட்ட காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1987 முதலே இருந்தது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமம் பற்றிக் கொடிய புகார்கள் எழுந்தபோதும், அது உரிய உரிமங்கள் இல்லாமல் நடந்துவந்தது தெரியவந்தது. இருபது ஆண்டு இடைவெளியில் அதே ஓட்டை.

இனிப் பணத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தில் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஓர் ஆணையம் இருக்கிறது, பதிவான நிறுவனங்களின் கணக்கை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறக்கட்டளைகளுக்கு ஓர் ஆணையர் உண்டு. தமிழ்நாட்டில் சமயம் சாராத பொது அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒருவர் கிடையாது. சங்கமாகப் பதிந்திருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். லாப நோக்கற்ற கம்பெனியாகப் பதிந்திருந்தால் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களைப் பார்க்கலாம். நம் ஊர் இல்லங்களில் பல அறக்கட்டளைகளாக இருப்பதால், வருமான வரித்துறை ஒன்றுதான் அவற்றின் கணக்கைத் தொடர்ந்து கேட்கும் அலுவலகம். நன்கொடை கொடுப்பவர் தாமே கேட்காவிட்டால், பல இடங்களில் கேட்க வேறு ஆள் இல்லை என்பதுதான் நிலைமை. இது மாற வேண்டும். இவ்வளவு நிறுவனங்கள் உள்ள மாநிலத்துக்கு அறக்கட்டளைகளின் கணக்கைப் பொதுவில் வைக்கும் ஓர் அமைப்பு இல்லாமல் இருப்பது சரியில்லை.

80ஜி சான்றிதழைப் பலர் நேர்மைச் சான்றிதழாக நினைக்கிறார்கள். வருமான வரித்துறை அந்த நிறுவனத்துக்குக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை தருகிறது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. ஆனால் அதை வைத்துச் சில சோதனைகள் செய்யலாம். 2021-க்குப் பிறகு பழைய சான்றிதழ் எதுவும் செல்லாது. எல்லாரும் புதிதாகப் பதிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். 1998-இல் வாங்கிய சான்றிதழின் நகலை இன்றைக்கும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால் அது வெறும் நினைவுப் பொருள். புதிய பதிவு எண் வருமான வரித்துறைத் தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்படியே நிறுவனத்தின் பான் எண்ணையும் பாருங்கள். அதன் நான்காவது எழுத்து யாருடையது என்பதைச் சொல்லும்: அறக்கட்டளை என்றால் ‘டி’, கம்பெனி என்றால் ‘சி’, தனிநபர் என்றால் ‘பி’. கொடுத்த பிறகும் ஒரு சோதனை உண்டு. நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் நிறுவனம் தன் நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ என்ற சான்றிதழ் தர வேண்டும். அது வரவில்லை என்றால் உங்கள் பணம் அவர்கள் கணக்கில் ஏறியதா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ, அரிசி, துணி, சாப்பாடு என்று பொருளாகக் கொடுத்தாலோ சலுகை கிடையாது. “கேஷா கொடுத்தாலும் பரவாயில்ல சார், 80ஜி போட்டுத் தர்றோம்” என்று பத்தாயிரத்துக்கு ரசீது எழுதுபவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே எழுதுகிறார்.

தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் ‘தர்ப்பண்’ தளத்தில் எண் வாங்கியிருப்பதைப் பெரிதாக எழுதிப்போடுவதும் வழக்கம். அதிலுள்ள விவரங்கள் பெரும்பாலும் நிறுவனமே பதிவேற்றியவை. அரசு நேரில் வந்து பார்த்துக் கொடுத்த பாராட்டு என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கு நன்கொடையில் பெரும்பகுதி கியூஆர் கோடு வழியாகப் போகிறது. ஸ்கேன் செய்ததும், பணத்தை அனுப்பும் முன், வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும். அந்த ஒரு வரியைப் படிக்க ஒரு நொடி போதும். அறக்கட்டளையின் பெயர் வராமல் நிறுவனரின் பெயரோ அவர் மனைவியின் பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். “டிரஸ்ட் அக்கவுண்ட்ல சின்ன பிரச்சினை, இதுல போடுங்க” என்பதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவையில்லை, அது நீங்கள் கொடுக்கக் கூடாத இடம்.

பிறகு ஆண்டுக் கணக்கு. ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டும் அறக்கட்டளை பட்டயக் கணக்கரிடம் தணிக்கை செய்தாக வேண்டும். 2019 ஜூலைக்குப் பிறகு வரும் தணிக்கை அறிக்கை ஒவ்வொன்றிலும் 18 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கும், அதைப் பட்டயக் கணக்கர் கழகத்தின் தளத்தில் போட்டு, அந்தக் கணக்கர் உண்மையிலேயே கையெழுத்திட்டாரா என்று யாரும் பார்க்கலாம். எண் இல்லாத அறிக்கை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் படிக்க ஆடிட்டராக இருக்க வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள ஓர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு 100 ரூபாய் என்று குறைவாகவே போட்டாலும் ஆண்டுக்கு 14,60,000 ரூபாய் ஆகிறது. கணக்கில் உணவுச் செலவு நான்கு லட்சம் என்று இருந்தால் மீதி எப்படி நடக்கிறது? நன்கொடையாளர்கள் நேரடியாகப் போடும் சாப்பாட்டில் நடக்கலாம். அப்படியானால் ‘ஒரு நாள் உணவுக்கு’ என்று சொல்லி வாங்கிய ரொக்கம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று அடுத்த வரியைத் தேட வேண்டும். ஊதியம் என்ற வரியைப் பாருங்கள். ஆண்டுக்கு மூன்று லட்சம் என்று இருந்தால், மாதம் 12,500 ரூபாய்ச் சம்பளத்தில் இரண்டே பேர். இரண்டு பேர் நாற்பது பிள்ளைகளை இரவும் பகலும், ஞாயிறும் பண்டிகையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்களா? முடியாது. பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். அங்கேதான் அடி, உதை, அதைவிட மோசமானவை எல்லாம் தொடங்குகின்றன. வாடகை என்ற வரியில் பணம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். நிறுவனரின் சொந்தக் கட்டடத்துக்கு வாடகை கொடுப்பதே குற்றம் ஆகிவிடாது, ஆனால் அது ஊர் வாடகையை ஒத்திருக்க வேண்டும். அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ அறக்கட்டளையின் பணம் நியாயத்துக்கு மேல் போனால் வரிவிலக்கையே இழக்க நேரும் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. ‘கட்டட நிதி’ என்று ஆண்டுக்கணக்காகச் சேர்ந்துகொண்டே போகும் தொகையும் அப்படித்தான், ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. சேர்த்துவைக்க வழி உண்டு, அதற்குக் காரணமும் காலமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. “நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பிள்ளைகளுக்கே” என்ற விளம்பரம் அந்த எண்ணத்துக்குத் தீனி போடுகிறது. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று பெரிய அமைப்புகளே 2013-இல் ஒரு திறந்த மடல் எழுதி, நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து மதிப்பிடாதீர்கள் என்று நன்கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டன. காரணம் மேலே பார்த்த ஊதிய வரியிலேயே இருக்கிறது. பயிற்சி பெற்ற வார்டன், சமூகப் பணியாளர், உளவியல் ஆலோசகர், ஒழுங்காகக் கணக்கு எழுத ஓர் ஆள், எல்லாரும் ‘நிர்வாகச் செலவு’தான். அவர்களை வெட்டினால் விகிதம் அழகாகும், பிள்ளைகள் காப்பற்றுப் போவார்கள்.

செலவைப் பார்க்காமல் விளைவைப் பார்ப்பது எப்படி என்பதற்கு இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் ‘சேவா மந்திர்’ நிறுவனத்தோடு நடந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. 134 கிராமங்கள். சில ஊர்களில் மாதந்தோறும் தவறாமல் தடுப்பூசி முகாம் நடத்தினார்கள். வேறு சிலவற்றில் முகாமோடு, குழந்தையைக் கூட்டிவரும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் ஒரு செட் தட்டும் கொடுத்தார்கள். எதுவும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 விழுக்காடு, முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18, பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. பருப்பு வீண் செலவு என்றுதான் கணக்குப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் கூட்டம் கூடியதால் நர்ஸின் நேரம் வீணாகவில்லை. ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட ஆன செலவு, பருப்பு கொடுக்காத முகாமில் ஆனதில் பாதிதான். 2010-இல் வெளியான இந்த ஆய்வை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ இருவரும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். குழந்தைகள் இல்லத்தில் இதற்கு ஈடான கேள்வி: கடந்த ஐந்து ஆண்டில் இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்? பதினெட்டு வயது முடிந்து வெளியே போனவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள்? “எங்களிடம் எண்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்பதைச் சாதனையாகச் சொல்லும் இல்லத்தைவிட, எண்பது முப்பதாகக் குறைந்தது எப்படி என்று சொல்லத் தெரிந்த இல்லம் மேலானது.

ஏனென்றால் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். உலக அளவில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று ‘சேவ் த சில்ட்ரன்’ 2009-இல் கணித்துச் சொன்னது. கணவனை இழந்த தாய், குடிக்கும் அப்பா, சூளைக்கும் கரும்பு வெட்டவும் ஊர் விட்டு ஊர் போகும் பெற்றோர், பக்கத்தில் நல்ல பள்ளி இல்லாத கிராமம் என்று காரணங்கள் நாம் அறிந்தவைதான். வறுமையால் வரும் பிரிவு இது. இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளிலேயே, வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத்தான் ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-த்தில் தொடங்கிய ஆய்வு ஒன்றில் இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டார்கள். நாலரை வயதில் சோதித்தபோது குடும்பத்தில் வளர்ந்தவர்களின் அறிவுத்திறன் அளவு மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய எட்டுப் புள்ளி கூடுதல். அங்கிருந்த இல்லங்களின் நிலை மிக மோசம், அதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒரு குழந்தைக்குத் தனக்கென்று ஓர் ஆள் வேண்டும் என்பதை அந்த ஆய்வு ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது.

இங்கேதான் நம் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஞாயிறு மதியம் ஒரு குடும்பம், மாலையில் ஒரு கல்லூரிக் குழு, அடுத்த வாரம் ஒரு கம்பெனி ஊழியர்கள். ஒவ்வொருவரும் சின்னப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். முன்பின் தெரியாதவர் மடியில் உடனே ஏறிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து நாம் உருகுகிறோம். அது பாசத்துக்கு ஏங்கிப் பழகிய பிள்ளையின் அடையாளம். பத்து வயதுச் சிறுமிக்கு இதுவும் ஒரு வேலை: வந்தவர்கள் முன்னால் சிரித்து, பாடி, நன்றி சொல்ல வேண்டும். வேறு நாடுகளில் இது வியாபாரமாகவே மாறியது. நேபாளத்தின் ஹும்லா போன்ற மலை மாவட்டங்களிலிருந்து, படிக்க வைப்பதாகப் பெற்றோரிடம் சொல்லிக் கூட்டிவந்த பிள்ளைகள், சுற்றுலாப் பயணிகள் வரும் ஊர்களின் ‘அநாதை இல்லங்களில்’ நிறுத்தப்பட்டார்கள். தன் நாட்டு இளைஞர்கள் போய்த் தொண்டு செய்யும் ஆசைதான் இதற்குத் தீனி என்று உணர்ந்த ஆஸ்திரேலியா, 2018-இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் இயற்றியபோது இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தது.

படம் எடுப்பது பற்றியும் சட்டம் தெளிவாக இருக்கிறது. பராமரிப்பில் உள்ள குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளின் முகத்தோடு நன்கொடையாளர் படங்களை முகநூலில் வரிசையாகப் போடும் இல்லம், தினமும் அந்தச் சட்டத்தை மீறுகிறது. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடலாம்.

என் தீர்ப்பு இது: முன்பின் தெரியாத உங்களை வாசலிலேயே நிறுத்தி, யார், எதற்கு என்று கேட்டு, பிள்ளைகளோடு இருக்க விடாமல் அலுவலக அறையில் உட்காரவைத்துப் பேசி அனுப்பும் இல்லம்தான் நம்பத்தக்கது. போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்பவர்கள், படம் கூடாது என்பவர்கள், வாரம் ஒருநாள் வீதம் ஓராண்டாவது வர முடியுமா என்று கேட்பவர்கள், கேக் வேண்டாம், அந்தப் பணத்தை டியூஷன் டீச்சரின் சம்பளத்துக்குக் கொடுங்கள் என்பவர்கள், நம்மைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும் இவர்கள்தான் பிள்ளைகளைக் காப்பவர்கள். யார் வந்தாலும் “வாங்க வாங்க” என்று உள்ளே விடும் இடத்தில் கெட்டவனுக்கும் அதே வரவேற்புதான்.

நேரம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. கணக்கு தெரிந்தவர் இல்லத்தின் பதிவேடுகளைச் சீராக்கிக் கொடுக்கலாம். வக்கீல்கள் பிள்ளைகளின் சாதிச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் இழுபறிகளைத் தீர்க்கலாம். எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரே நாளில் பழைய வயரிங்கை மாற்றிக்கொடுத்தால், அது நூறு கேக்கைவிடப் பெரிய உதவி. இவற்றைவிடப் பெரியது, பிள்ளை இல்லத்துக்கே போகாமல் பார்த்துக்கொள்வது. குழந்தை குடும்பத்தோடு இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் தரும் நிதி ஆதரவுத் திட்டம் மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’வில் இருக்கிறது. கணவனை இழந்தவர்களும், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களும், தீராத நோயில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். திட்டம் இருப்பதே தெரியாமல், அல்லது விண்ணப்பத்துக்குத் தாள்கள் சேர்க்க முடியாமல், பிள்ளையை இல்லத்தில் விட்டுவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஒரு தாய்க்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்து, கூடவே இரண்டு முறை அலுவலகத்துக்குப் போய் வந்தால், ஒரு பிள்ளை தன் வீட்டிலேயே வளரும்.

இல்லத்துக்குப் போகும்போது தவறாக ஏதாவது கண்ணில் பட்டாலோ காதில் விழுந்தாலோ, “நமக்கெதுக்கு வம்பு” என்று வந்துவிடக் கூடாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலும் சொல்லியாக வேண்டும், நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். அது தலைமை வார்டனுக்கு மட்டும் அல்ல, பிறந்தநாள் சாப்பாடு போட வந்தவருக்கும் பொருந்தும். நீங்களே விசாரிக்க வேண்டாம், பிள்ளையைக் கேள்வி கேட்டுத் துருவவும் வேண்டாம். காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ சொன்னால் போதும்.

அடுத்த பிறந்தநாளுக்கு இன்னும் நாள் இருக்கும். அதற்குள் ஒருமுறை உங்கள் ஊர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். மாவட்டத்தில் பதிவான இல்லங்கள் எவை, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் இல்லம் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் கொடுப்பதை நிறுத்துங்கள், நிறுத்தியதோடு விட்டுவிடாமல் அந்த இல்லத்தின் பெயரையும் முகவரியையும் அங்கேயே எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.